மனுவில் எதைக் கேட்பது? பக்கத்து நாடுகளுக்கு வானைத் திறக்கும் நான்கு வழிகள்

போன மாதம் பெங்களூர் மர்பி டவுனில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் பன்னிரண்டு பேர் கூடினோம். எல்லோருக்கும் கடல் தாண்டி உறவு உண்டு. சிலருக்கு யாழ்ப்பாணம், சிலருக்குக் கொழும்பு, மூன்று குடும்பங்களுக்கு மலேசியா. டெல்லிக்கு ஒரு மனு அனுப்புவதுதான் நோக்கம். காரணம், கூட்டத்தில் இருந்த ஒரு அண்ணனுக்கு நேர்ந்தது. அவருடைய மாமியார் யாழ்ப்பாணத்தில் இறந்துபோனார். சென்னையிலிருந்து போகும் சிறிய விமானத்தில் இரண்டு நாளைக்கு இடமில்லை. கணவனும் மனைவியும் பெங்களூர் விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியிலிருந்து கொழும்புக்குப் பறந்து, அங்கிருந்து வேன் பிடித்து ஏ9 சாலையில் 400 கிலோமீட்டர் போனார்கள். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

பெங்களூருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நேர்க்கோட்டில் சுமார் 460 கிலோமீட்டர்தான். மும்பைக்குப் போகும் தூரத்தில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம்.

மனு இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டது. “சீட் எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லுங்கள்” என்றார் ஒருவர். “ஓப்பன் ஸ்கைஸ் கேளுங்கள்” என்றார் இன்னொருவர். கல்லூரியில் பொருளாதாரம் நடத்தும் அக்கா, “ஐரோப்பா மாதிரி பக்கத்து நாடுகள் எல்லாம் சேர்ந்து ஒரே ஒப்பந்தம் போட வேண்டும், அதைக் கேளுங்கள்” என்றார். இருபது வருடமாக வெளிநாட்டு டிக்கெட் போடும் வேலையில் இருப்பதால், எதைக் கேட்பது நல்லது என்று எழுதித் தரும் பொறுப்பு என்மேல் விழுந்தது. இதே கேள்வியோடு வேறு ஊர்களிலும் ஆட்கள் இருப்பார்கள் என்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

## ஏன் அனுமதி வேண்டியிருக்கிறது?

1944-ல் சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கைப்படி, ஒரு நாட்டுக்கு மேலே உள்ள வானம் அந்த நாட்டுக்கே சொந்தம். கால அட்டவணை போட்டு ஓடும் எந்த விமானமும் இன்னொரு நாட்டின் அனுமதி இல்லாமல் அங்கே இறங்க முடியாது. அதனால் இரண்டிரண்டு நாடுகளாக உட்கார்ந்து ஒப்பந்தம் போடுகிறார்கள். எந்த ஊர்களுக்கு, வாரத்தில் எத்தனை முறை அல்லது எத்தனை இருக்கை, எந்த நிறுவனங்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். நாம் கவுண்டரில் கொடுக்கும் பணம் எவ்வளவு என்பது அந்தக் காகிதத்திலிருந்தே தொடங்குகிறது.

## எதை வைத்து எடைபோடுவது?

கட்டணம் குறையுமா என்பது மட்டும் போதாது. நான் ஐந்து கேள்விகளை வைத்துக்கொள்கிறேன்.

ஒன்று, பொங்கல், மே மாத விடுமுறை போன்ற நெரிசல் நாட்களிலும் கட்டணம் தாங்குமா? இரண்டு, யாழ்ப்பாணம், மதுரை, கோவை போன்ற சிறிய நிலையங்களுக்கு அதில் இடம் உண்டா? மூன்று, கைக்கு வர எத்தனை வருடம் ஆகும்? நான்கு, இரண்டு அரசுகளுக்குள் மனக்கசப்பு வந்தால் ஒரே நாளில் பறிபோகுமா? ஐந்து, சின்ன நாட்டு நிறுவனத்துக்கும் அங்கே வேலை செய்பவர்களுக்கும் என்ன ஆகும்? இந்த ஐந்தாவது கேள்வியை நம் மனுக்களில் யாரும் எழுதுவதில்லை. கொழும்பிலோ காத்மாண்டுவிலோ உட்கார்ந்து இந்த மனுவைப் படிப்பவருக்கு அதுதான் முதல் கேள்வி.

## வழி 1: இருநாட்டு ஒப்பந்தத்தில் சீட் கூட்டுவது

இப்போதுள்ள முறை இதுதான். துபாயை எடுத்துக்கொள்ளுங்கள். இரு பக்கத்துக்கும் வாரம் சுமார் 66,000 இருக்கை என்று 2014 வாக்கில் முடிவானது. அதன்பின் பல ஆண்டுகளாக அந்த எண் நகரவில்லை. எமிரேட்ஸ் கூட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. இந்தியா தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. அந்த விமானங்களில் ஏறுபவர்களில் பெரும் பகுதியினர் துபாயில் இறங்குவதில்லை, அங்கே மாறி லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போகிறார்கள். அந்த வியாபாரமும் வேலைகளும் டெல்லி, மும்பை, பெங்களூர் நிலையங்களில் இருக்க வேண்டும் என்பது அரசின் வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் நெரிசல் நாளில் அதற்கான விலையைக் கொடுப்பது பயணிதான்.

இதில் மறைந்திருக்கும் செலவு அதுவே. கோட்டா நிரம்பிவிட்டால் எவ்வளவு பேர் கேட்டாலும் விமானம் கூடாது, கட்டணம் மட்டும் கூடும். இன்னொன்று, பட்டியலில் பெயர் இல்லாத ஊருக்கு வெளிநாட்டு விமானம் வர முடியாது. துபாயோடு உள்ள ஒப்பந்தத்தில் தங்கள் ஊரையும் சேர்க்கச் சொல்லி மதுரைக்காரர்களும் கோவைக்காரர்களும் வருடக்கணக்காகப் போராடுவது இதனால்தான். 2016-ன் தேசிய விமானப் போக்குவரத்துக் கொள்கை எழுதிவைத்த பொதுவிதி ஒன்றும் உண்டு: நம் நிறுவனங்கள் தங்கள் பங்கில் 80 விழுக்காட்டைப் பயன்படுத்திய பிறகுதான் மறுபேச்சு. நம் பக்கம் விமானம் போதவில்லை என்றால் அந்தப் பக்கத்துக்காரரும் காத்திருக்க வேண்டியதுதான்.

நல்லது எதுவென்றால், வேகம். இரண்டு அதிகாரிகள் குழு உட்கார்ந்து ஒரு குறிப்பில் கையெழுத்திட்டால் அடுத்த அட்டவணையிலேயே விமானம் வந்துவிடும். குறிப்பிட்ட ஒரு ஊரைச் சேர்க்க வேண்டும், குறிப்பிட்ட ஒரு வழித்தடத்தில் நெரிசல் தீர வேண்டும் என்றால் இதைக் கேட்பதுதான் சரி.

பறிபோவதும் வேகம்தான். கோவிட் காரணமாக 2020-ல் நின்ற இந்தியா–சீனா நேர் விமானங்கள், எல்லைத் தகராறு சேர்ந்துகொண்டதால் 2025 அக்டோபர் வரை வரவில்லை.

## வழி 2: இரண்டு நாடுகளுக்குள் ஓப்பன் ஸ்கைஸ்

கோட்டாவை எடுத்துவிட்டு, “எவ்வளவு வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ளுங்கள்” என்று இரண்டு நாடுகள் ஒத்துக்கொள்வது. 2016 கொள்கை இதைத் தெற்காசியக் கூட்டமைப்பான சார்க் நாடுகளுக்கும், டெல்லியிலிருந்து 5,000 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள நாடுகளுக்கும் திறந்தது. சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் மூன்றும் அந்த வட்டத்துக்குள் மாட்டிக்கொண்டன. ஆக, நம் மக்கள் அதிகம் போகும் ஊர்களுக்கு இந்தக் கதவு கொள்கையளவிலேயே மூடியிருக்கிறது.

இலங்கைக்கு அப்படி இல்லை. 2016 டிசம்பரில் பஹாமாஸின் நசாவ் நகரில் நடந்த சர்வதேசப் பேச்சில் இந்தியாவும் இலங்கையும் ஓப்பன் ஸ்கைஸ் குறிப்பில் கையெழுத்திட்டன. டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா, ஹைதராபாத், பெங்களூர் ஆகிய ஆறு நகரங்களுக்கும் எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லை.

இதை நான் மொட்டை மாடியில் சொன்னபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்படியானால் பெங்களூர்–யாழ்ப்பாணம் விமானத்தை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை! பிறகு ஏன் இல்லை?

யாழ்ப்பாண விமான நிலையத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். பலாலியில் இருக்கும் அது 2019 அக்டோபரில் சர்வதேச நிலையமானது. நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து ஓடத் தொடங்கி, கோவிட்டில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி வந்தது. 2024 செப்டம்பரில் இண்டிகோ சேர்ந்தது, 2025 மார்ச் கடைசியில் திருச்சியிலிருந்தும் தொடங்கியது. எல்லாமே எழுபது எண்பது பேர் போகும் ஏடிஆர் விமானங்கள். ஓடுபாதை குட்டை. பெரிய விமானம் இறங்க முடியாத இடத்தில் ஒரு இருக்கையின் செலவு கூடும், கட்டணமும் கூடும். அதோடு, பெங்களூரிலிருந்து எத்தனை பேர் போவார்கள் என்ற கணக்கு நிறுவனங்களிடம் இல்லை. நாமெல்லாம் இரவு ரயிலில் சென்னைக்கோ திருச்சிக்கோ போய் ஏறுவதால், நம் தலைகள் அந்த ஊர்க் கணக்கில் எழுதப்படுகின்றன.

ஓப்பன் ஸ்கைஸின் மறைந்த செலவு இதுதான். உரிமை கிடைக்கும், விமானம் கிடைக்கும் என்ற உறுதி கிடையாது. லாபம் தெரியும் தடத்தில் ஐந்து நிறுவனம் மோதும், தெரியாத தடத்தில் ஒன்றும் வராது. இந்திய உள்நாட்டுச் சந்தையில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் இண்டிகோ ஒன்றின் கையில் இருக்கும்போது, அதன் ஏடிஆர் எங்கே போகும் என்பதை அதன் அட்டவணைதான் முடிவு செய்கிறது.

எப்போது இதைக் கேட்கலாம்? இரு பக்கமும் பயணிகள் நிறைய இருந்து, கோட்டா ஒன்றே தடையாக இருக்கும் தடத்தில். சிங்கப்பூர்–கோலாலம்பூர் கதை அதற்குச் சாட்சி. இரண்டுக்கும் நடுவே சுமார் 300 கிலோமீட்டர். முப்பது வருடத்துக்கு மேல் இரண்டு தேசிய நிறுவனங்களே அந்தத் தடத்தைப் பங்குபோட்டுக்கொண்டன. சாதாரணக் குடும்பங்கள் பஸ்ஸில் போனார்கள். 2008 பிப்ரவரியில் மலிவுக் கட்டண நிறுவனங்களை உள்ளே விட்டார்கள், அதே ஆண்டு டிசம்பரில் முழுதாகத் திறந்தார்கள். இன்று உலகின் மிகப் பரபரப்பான சர்வதேசத் தடங்களில் அதுவும் ஒன்று.

## வழி 3: பக்கத்து நாடுகள் சேர்ந்து ஒரே ஒப்பந்தம்

அக்கா சொன்ன வழி. இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

ஐரோப்பாவில் 1987, 1990, 1992 என்று மூன்று தவணையாகத் திறந்தார்கள். 1993 ஜனவரி முதல் ஐரோப்பியச் சமூக நாடுகள் ஒரே சந்தை. 1997 ஏப்ரலிலிருந்து ஒரு நாட்டு நிறுவனம் இன்னொரு நாட்டின் உள்நாட்டுத் தடத்தில்கூட ஓட்டலாம். அயர்லாந்து நிறுவனமான ரையன்ஏர், இத்தாலியின் ஒரு சிற்றூரிலிருந்து ஸ்பெயினின் ஒரு சிற்றூருக்கு ஓட்டுவது அதனால்தான். அயர்லாந்துக்கும் அந்தத் தடத்துக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டிரண்டு நாடாகப் பேசியிருந்தால் அந்தச் சிற்றூர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் வந்திருக்காது.

அதற்கு விலையும் இருந்தது. பெல்ஜியத்தின் சபீனா 2001-ல் மூடியது, ஹங்கேரியின் மாலெவ் 2012-ல் மூடியது. இரு நாடுகளுக்கும் விமானம் வருவது நிற்கவில்லை. ஹங்கேரியில் மாலெவ் விட்ட இடத்தை விஸ் ஏரும் மற்றவர்களும் நிரப்பினார்கள். ஆனால் அந்த நிறுவனங்களில் வேலை பார்த்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஶ்ரீலங்கன் ஏர்லைன்ஸை வைத்துக்கொண்டு தடுமாறும் கொழும்பு அரசு இதைக் கேட்டால் பயப்படாதா? பயப்படும். பயப்படுவதில் தப்பில்லை.

தென்கிழக்கு ஆசியக் கூட்டமைப்பான ஆசியான் நாடுகள் 2009, 2010 ஒப்பந்தங்கள் வழியாக வேறு மாதிரி போயின. தன் நாட்டிலிருந்து மற்ற நாட்டுக்கு எவ்வளவும் ஓட்டலாம், வழியில் மூன்றாவது நாட்டிலும் ஆள் ஏற்றலாம். ஆனால் தன் நாட்டைத் தொடாமல் வேறு இரண்டு நாடுகளுக்கு நடுவில் ஓட்ட முடியாது. இந்தோனேசியா ஐந்து ஊர்களை மட்டும் திறந்தது: ஜகார்த்தா, மேடான், டென்பசார், சுரபாயா, மக்காசார். ஏர்ஏசியா ஒவ்வொரு நாட்டிலும் உள்ளூர்ப் பங்காளியைச் சேர்த்துத் தனி நிறுவனம் தொடங்க வேண்டியிருந்தது, ஒரு நாட்டு விமான நிறுவனத்தின் பெரும்பங்கு அந்த நாட்டவர் கையில் இருக்க வேண்டும் என்ற பழைய சொந்தக்கார விதியால்தான். பெங்களூரிலேயே 2014-ல் டாடாவோடு சேர்ந்து ஏர்ஏசியா இந்தியா பறக்கத் தொடங்கியது நினைவிருக்கும்.

ஆப்பிரிக்கா ஒரு எச்சரிக்கை. வானைத் திறப்பதாக 1999-ல் யமுசுக்ரோ முடிவு என்ற பெயரில் நாடுகள் ஒத்துக்கொண்டன. அதைச் செயலுக்குக் கொண்டுவர 2018 ஜனவரியில் ஒற்றைச் சந்தை என்று மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. பத்தொன்பது வருடம்.

சரி, நமக்கு எந்தக் குழு? சார்க் என்றால் நடக்காது. எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் அங்கே முடிவு. 2014 காத்மாண்டுக்குப் பிறகு உச்சி மாநாடே கூடவில்லை. 2025 ஏப்ரலிலிருந்து இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றுக்கொன்று வானத்தையே மூடிவைத்திருக்கின்றன. 2014-ல் சார்க் மோட்டார் வாகன ஒப்பந்தம் பாகிஸ்தான் தயங்கியதால் நின்றபோது, வங்கதேசம், பூடான், இந்தியா, நேபாளம் நான்கும் 2015 ஜூனில் திம்புவில் தனியாகக் கையெழுத்திட்டன. அதையும் பூடான் நாடாளுமன்றம் ஏற்கவில்லை. தன் சிறிய மலைச் சாலைகளில் லாரிகள் நிரம்பிவிடும் என்ற கவலை அவர்களுக்கு.

பிம்ஸ்டெக் பற்றி எனக்கு நம்பிக்கை இருக்கிறது. 1997-ல் தொடங்கியது, டாக்காவில் செயலகம். இந்தியா, இலங்கை, வங்கதேசம், நேபாளம், பூடான், மியான்மர், தாய்லாந்து என்று வங்கக்கடலைச் சுற்றி ஏழு நாடுகள். 2025 ஏப்ரலில் பாங்காக்கில் கடல் போக்குவரத்துக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். வானுக்கும் போட முடியும் என்பதற்கு அது நல்ல அறிகுறி. ஆசியான் தன் பங்குக்குச் சீனாவோடு 2010-லும் ஐரோப்பிய ஒன்றியத்தோடு 2022-லும் விமான ஒப்பந்தம் போட்டுவிட்டது, இந்தியாவோடு பேச்சு மட்டும் நீள்கிறது. தாய்லாந்து இரண்டு குழுவிலும் இருப்பதால் பிம்ஸ்டெக் அதற்கும் ஒரு படிக்கட்டாகலாம்.

இந்த வழியின் அருமையைப் பூடானிடம்தான் பார்க்க வேண்டும். ட்ரூக்ஏர் விமானம் பாரோவிலிருந்து கிளம்பி, பாக்டோக்ராவிலோ குவாஹாட்டியிலோ இறங்கி, அங்கே ஆள் ஏற்றிக்கொண்டு பாங்காக்குக்கோ சிங்கப்பூருக்கோ போகிறது. பாரோவிலிருந்து மட்டும் ஆள் எடுத்தால் விமானம் நிறையாது, குவாஹாட்டியிலிருந்து மட்டும் எடுத்தாலும் நிறையாது. இரண்டும் சேர்ந்தால் ஒரு தடம் பிழைக்கிறது. இதை ஐந்தாம் உரிமை என்பார்கள். பெங்களூரில் கிளம்பி யாழ்ப்பாணத்தில் இறங்கி, அங்கே ஆள் ஏற்றிக் கொழும்புக்கு இந்திய நிறுவனம் ஓட்ட முடிந்தால் எப்படி இருக்கும்? அது உள்நாட்டுத் தடம் என்பதால் ஐந்தாம் உரிமையையும் தாண்டிய உரிமை வேண்டும். இரண்டு நாடாகப் பேசும்போது அதை யாரும் கொடுக்க மாட்டார்கள். பல நாடுகள் சேர்ந்து எல்லோரும் எதையாவது கொடுத்து எதையாவது வாங்கும் மேசையில்தான் அதைக் கேட்கவே முடியும். 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் ஓட்டிய முதல் விமானமே கொழும்பை ஒட்டிய ரத்மலானையில் கிளம்பி, யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறையில் இறங்கி, சென்னைக்கு வந்தது. அந்தத் தடத்துக்கு யாழ்ப்பாணம் வழியில் உள்ள ஊராக இருந்தது.

மறைந்த செலவு, காலம்தான். பத்து வருடத்துக்குக் குறையாது என்பது என் கணிப்பு. இன்னொன்று, இந்தியாவின் பருமன். இந்த ஏழில் ஒரு நாடு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது. முதல் சில வருடம் சின்ன நாடுகளுக்குக் கூடுதல் உரிமையும் நமக்குக் குறைவும் என்று எழுதினால்தான் அவர்கள் கையெழுத்திடுவார்கள். நேபாளம் பொக்காராவிலும் பைரஹவாவிலும் சர்வதேச நிலையம் கட்டிவைத்துவிட்டு, இந்திய வான்வழியாக உள்ளே வரக் கூடுதல் பாதை கேட்டுக் காத்திருக்கிறது. அதைக் கொடுக்காமல் வேறு எதைப் பேசினாலும் காத்மாண்டு நம்பாது.

## வழி 4: கைமாறு கேட்காமல் திறப்பது

2003-ல் வாஜ்பாய் அரசு ஆசியான் நிறுவனங்களுக்கு நான்கு பெருநகரங்களையும் 18 சுற்றுலா ஊர்களையும் தானாகவே திறந்தது. அந்தப் பதினெட்டில் திருச்சி இருந்தது, மதுரையும் கோவையும் இல்லை. இன்று திருச்சியில் கோலாலம்பூர், சிங்கப்பூர் விமானங்கள் நிற்பதைப் பார்த்தால் ஒரு பட்டியலில் பெயர் இருப்பதன் பலம் புரியும். செலவு குறைவு, வேகம் அதிகம். ஆனால் கொடுத்தவர் நினைத்தால் எடுத்துக்கொள்ளலாம்.

## ஒரே பார்வையில்

| கேள்வி | சீட் கூட்டுவது | இருநாட்டு ஓப்பன் ஸ்கைஸ் | மண்டல ஒப்பந்தம் | தானாகத் திறப்பது |
|---|---|---|---|---|
| நெரிசல் நாள் கட்டணம் | கொஞ்ச நாள் குறையும் | போட்டி இருந்தால் குறையும் | நன்றாகக் குறையும் | குறையும் |
| சிறிய ஊர்கள் | பட்டியலில் இருந்தால் மட்டும் | பெரும்பாலும் இல்லை | மிகவும் ஏற்றது | பட்டியலில் இருந்தால் மட்டும் |
| ஆகும் காலம் | மாதங்கள் | ஓரிரு வருடம் | பத்து வருடம் அல்லது மேலே | மாதங்கள் |
| பறிபோகும் ஆபத்து | அதிகம் | நடுத்தரம் | குறைவு | அதிகம் |
| சின்ன நாட்டு நிறுவனம் | பாதுகாப்பு | அழுத்தம் | அழுத்தம், தவணை தந்தால் தாங்கும் | நம் பக்கம்தான் அழுத்தம் |

பறிபோகும் ஆபத்து மண்டல ஒப்பந்தத்தில் குறைவு என்றேன், இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. ஒரே வளைகுடாக் கூட்டமைப்பில் இருந்தும் 2017-லிருந்து 2021 வரை சவூதியும் அமீரகமும் பஹ்ரைனும் கத்தாருக்கு வானத்தை மூடின.

எந்த வழியாலும் குறையாத செலவுகளும் உண்டு. டிக்கெட்டில் சேரும் விமான நிலையக் கட்டணம், விசா, எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து தேவனஹள்ளி போய்ச் சேரும் நேரமும் காசும். 2023 கடைசியில் தாய்லாந்தும் மலேசியாவும் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்றபோது என் கவுண்டரில் வந்து விழுந்த கேள்விகளின் எண்ணிக்கையை எந்தச் சீட் ஒப்பந்தமும் கொண்டுவந்ததில்லை. ஓசூரில் விமான நிலையம் என்று 2024-ல் தமிழ்நாடு அறிவித்தது நம்மில் பலருக்குச் சந்தோஷம். ஆனால் பெங்களூர் நிலையத்தோடு மத்திய அரசு போட்ட ஒப்பந்தப்படி 2033 வரை 150 கிலோமீட்டருக்குள் புதிய சர்வதேச நிலையம் வர முடியாது, மைசூருக்கும் ஹாசனுக்கும் மட்டும் விலக்கு. அதை இந்த மனுவில் கலக்க வேண்டாம்.

## எங்கள் மனு எப்படி ஆனது?

மூன்று தாளாகப் பிரித்தோம்.

யாழ்ப்பாணத்துக்கு டெல்லியிடம் கேட்க ஒன்றுமில்லை, உரிமை ஏற்கெனவே கையில் இருக்கிறது. அந்தத் தாள் பெங்களூரில் ஏடிஆர் வைத்திருக்கும் நிறுவனங்களுக்குப் போகிறது, வாரம் இரண்டு நாள் போதும் என்ற கோரிக்கையோடு. அதனுடன், கடந்த ஒரு வருடத்தில் சென்னை, திருச்சி, கொழும்பு வழியாகப் போன எங்கள் குடும்பங்களின் பயண நாட்களையும் ஆள் எண்ணிக்கையையும் இணைக்கிறோம். இதுவரை 214 பயணம் சேர்ந்திருக்கிறது, அல்சூர், விவேக்நகர், ஶ்ரீராம்புரம் பக்கம் இன்னும் கேட்கவில்லை. ஓடுபாதையை நீட்டச் சொல்லும் கோரிக்கையை யாழ்ப்பாணத்து உறவுகள் தங்கள் அரசிடம் கொடுப்பார்கள்.

மலேசியாவுக்கு வழி 1. கோட்டாவைக் கூட்டும்போது மதுரை போன்ற ஊர்களை முதலில் சேர்க்க வேண்டும், பெருநகரங்களுக்கு மிச்சம். இது அமைச்சகத்துக்கு.

மூன்றாவது தாள் அக்காவுடையது. பிம்ஸ்டெக்கில் ஏழு பேரும் ஒத்துக்கொள்ளும்வரை காத்திராமல் இந்தியா, இலங்கை, தாய்லாந்து மூன்றும் தொடங்கட்டும், மற்றவர்களுக்குக் கதவு திறந்தே இருக்கட்டும், சிறிய நிலையங்களுக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே முழு உரிமை, பெரிய நிலையங்களுக்குத் தவணை முறை. இது வெளியுறவு அமைச்சகத்துக்கும் டாக்கா செயலகத்துக்கும். பத்து வருடம் ஆகலாம் என்று தெரிந்தே அனுப்புகிறோம். மூன்று தாளிலும் முதல் கையெழுத்து அந்த அண்ணனின் மனைவியுடையது.